மைக்கைத் தட்டும் சத்தம்

அன்பார்ந்த மகளுக்கும், அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து இதைப் படிக்கப்போகிற பொதுமக்களுக்கும், தாமிரபரணிக் கரையின் மாபெரும் குரல் சத்தமில்லாமல் வணக்கம் சொல்லிக்கொள்கிறது.

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கான பதில் இது. "யப்பா, என் கல்யாணத்துல வரவேற்புரைய உங்க குரல்லயே வச்சிருவோமா? நீங்க எழுதிக் குடுத்தாப் போதும், மிஷின் பேசிரும். மேடையில சும்மா நின்னுக்கிடுங்க" என்றாய். நான் தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் எதிராளிக்குத் தெரியாது என்பது இந்தப் புது வாழ்க்கையில் எனக்கு இன்னும் பழகவில்லை. "ஆமாவா, இல்லையா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். உங்கம்மா போனை வாங்கி, "யோசிச்சுச் சொல்லுதாவளாம்" என்று முடித்து வைத்தாள். யோசித்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். நடுவில் ஓரிடத்தில் நான் இறந்துபோவேன், பதறாமல் படி.

பொதுமக்களுக்காக என்னைப் பற்றி அடக்கத்தோடு சில வார்த்தைகள். நெல்லைச் சீமையில் ஆடித் தள்ளுபடி வந்தாலும், கண் சிகிச்சை முகாம் வந்தாலும், குடிதண்ணீர் வராமல் போனாலும், கோயில் கொடைத் திருவிழா நடந்தாலும், யாராவது செத்தாலும், ஆட்டோ உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் வருமே, அது என்னுடையது. அந்தக் குரலுக்குப் பொதிகை மலை யானைகள் ஒதுங்கி வழிவிட்டிருக்கின்றன. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் மரியாதைக்காக ஒரு கணம் நின்று ஓடியிருக்கின்றன. கிழக்கே போய்க்கொண்டிருந்த ஆறு ஒருதடவை மேற்கே திரும்பி, "யாருவே அது?" என்று பார்த்தது. சாட்சிகள் இருக்கிறார்கள், கேட்டால் அனுப்பி வைப்பேன். அந்த ஆட்டோவை ஓட்டுகிறவன் மேலப்பாளையம் காதர், என் சேக்காளி. பாளையங்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் நான் பேசிப் பதிவு செய்வேன். பென் டிரைவ் காதர் கைக்குப் போகும். குரல் ஊர்வலம் கிளம்பும். நான் வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன்.

நீ தகவல்தொடர்பியல் படித்த காலத்தில் மாதக் காலண்டர் தாளின் முதுகில் பெட்டி பெட்டியாகப் போட்டு, நடுவில் அம்பு வரைந்து, அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். அனுப்புகிறவர், செய்தி, ஊடகம், பெறுகிறவர், பெறுகிறவரிடமிருந்து திரும்பி வரும் மறுமொழி. "இதுல நான் எந்தப் பெட்டிட்டீ?" என்று கேட்டேன். "நீங்க அனுப்புதவருப்பா." "காதரு?" "அவிய ஊடகம்." "அது அவனுக்குத் தெரியுமா?" நீ சிரித்தாய். ஊடகத்தின் மேல் மின்னல் மாதிரி ஒரு கோடு கிழித்திருந்தாய். அது என்ன என்றதற்கு, "இரைச்சல்ப்பா. செய்தியக் கெடுக்குத எல்லாம் இரைச்சல். காத்துச் சத்தம், இருமல், நீங்க மைக்கைத் தட்டுவியள்லா, அதெல்லாம்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. பேசுவதற்கு முன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஒருதரம் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன். பழக்கம் முற்றி, வீட்டுக்குள் நுழையும்போதும் கதவு நிலையில் இரண்டு தட்டு, ஒரு ஊதல். அடுக்களையிலிருந்து உங்கம்மா திரும்பாமலே "சொல்லுங்க" என்பாள். அப்புறம்தான் நான் பேச்சைத் தொடங்குவேன். ஆனால் பதிவறையில் உட்கார்ந்திருக்கும் பையன் அந்தத் தட்டலையும் ஊதலையும் ஒன்று விடாமல் வெட்டி எறிந்துவிடுவான். "சுத்தமா இருக்கணும் சார்" என்பான். ஊர் கேட்ட என் குரல் எல்லாமே சுத்தம் செய்த குரல். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகு தொண்டையில் அது வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்ற முடியும் என்று டாக்டர் சொன்னார். நீயும் உங்கம்மாவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தபோது நான் நைசாக வெளியேறிப் பதிவறைக்குப் போய்விட்டேன். கடைசியாக இந்தக் குரலில் என்ன பேசலாம்? உலகத் தலைவர்கள் எல்லாம் இந்த நேரத்தில் நாட்டு மக்களுக்கு உரையாற்றுவார்கள். நான் என் மரண அறிவிப்பைப் பதிவு செய்தேன். "மீனாட்சிபுரத்தைச் சேர்ந்த, நம் அனைவரின் செவிகளிலும் வாழ்ந்த அறிவிப்புச் செம்மல் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து புறப்பட்டு, சிந்துபூந்துறை மயானம் நோக்கிச் செல்லும்." பட்டத்தைச் சொல்லும் இடத்தில் குரல் லேசாகத் தழுதழுத்தது. நடிப்பு என்று நீ நினைத்துக்கொள்.

பென் டிரைவைக் காதரிடம் கொடுத்தபோது அவன் தீயைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். "உம்ம வாயில நல்லதே வராதா வே?"

"வேற எவனாவது என் சாவைத் தப்புத் தப்பா வாசிச்சாம்னா, நான் பாடையில இருந்து எந்திச்சுத் திருத்த வேண்டி வரும்லா? வச்சுக்கோரும்."

வாங்கிக்கொண்டான். அதே பென் டிரைவில் ஆடித் தள்ளுபடி விளம்பரமும் இருந்தது. தனியாக ஒன்று வாங்க நான் சோம்பல்பட்டேன்.

என்னை மயக்கத்தில் கிடத்தி அறுத்துக்கொண்டிருந்த அன்று பகலில் மலையில் பேய்மழை. சீவலப்பேரிப் பக்கம் ஆறு ஏறுகிறது, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகவேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லச் சொன்னார்கள். காதர் கையில் என் பழைய வெள்ள எச்சரிக்கைப் பதிவு இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓடினான். சனங்கள் மேடேறினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் வீட்டுக்கு வந்தபின் அந்த ஊர்க்காரர் ஒருவர் வாழைத்தாரோடு என்னைப் பார்க்க வந்தார். "நல்ல நேரத்துல வந்து சொன்னீரு அண்ணாச்சி. இல்லன்னா மாடு கன்னெல்லாம் போயிருக்கும்" என்றார். நான் கழுத்துக் கட்டைக் காட்டி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சைகை செய்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆட்டோ முன்சீட்டுல டிரைவருக்குப் பக்கத்துல ஒட்டி இருந்தீரே! மழையில நனைஞ்சுக்கிட்டு! கையக்கூடக் காட்டுனீரு, நானும் காட்டுனேன்." அவர் போனபிறகு காதரைப் பார்த்தேன். காதர் தரையைப் பார்த்தான். "நான் மட்டுந்தான் வே போனேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா அன்னைக்கு ஏனோ இடதுபக்கம் ஒதுங்கியே உக்காந்து ஓட்டுனேன்" என்றான். குரல் கேட்டால் கேட்கிறவரே அனுப்புகிறவரையும் செய்துகொள்வார் என்று உன் பெட்டிப் படத்தில் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு பெட்டி சேர்த்து வரைந்துகொள்.

வீட்டுக்கு வந்த முதல் மத்தியானத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. நான் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தேன். கழுத்தில் ஒரு துவாரம், மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது, வருகிறது. தெருக்கோடியில் என் குரல் கேட்டது. கண் சிகிச்சை முகாம், அனைவரும் வருக. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. குரல் நெருங்கி வந்தது. ஜன்னலைக் கடக்கும்போது என் உதடுகள் அந்த வார்த்தைகளுக்கு ஏற்ப அசைந்துகொண்டிருப்பதை நான் கவனித்தேன். யார் யாருக்கு வாயசைத்தது என்று எனக்கே தெரியவில்லை. அடுக்களையிலிருந்து உங்கம்மா, "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். அங்கே யாருமில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டுபேரும், வீட்டுக்குள் வந்துவிட்ட மூன்றாவது ஆளைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தெரியாதவர்கள் மாதிரி நின்றோம். குரல் அடுத்த தெருவுக்குள் திரும்பிச் சிறுத்துப் போனது.

உன்னை ஒருமுறை கொற்கைக்குக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? பாண்டியன் துறைமுகம் பார்க்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போய் வயலைக் காட்டினேன். "கடல் எங்கப்பா?" என்று கேட்டாய். "எந்திச்சுப் போயிட்டு" என்றேன். அன்றைக்கு அது விளையாட்டு. அந்த மத்தியானத்துக்குப் பிறகு கொற்கை மேல் எனக்கு ஒரு சொந்தபந்தம் வந்துவிட்டது. கடல் வேறெங்கோ அலையடித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறது. துறைமுகத்தை யாரும் கேட்பதில்லை.

இனி நான் சாகிறேன். ஆடி மாதம் வந்தது. காதர் ஜங்ஷன் பக்கம் ஆட்டோவை ஓரங்கட்டி, தள்ளுபடி விளம்பரத்தை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். விளம்பரம் முடிந்தது. வழக்கமாக அவன் கையால் திரும்பப் போடுவான். அன்றைக்குப் போடவில்லை. கருவி அடுத்த பதிவுக்குத் தானாக நகர்ந்தது. முப்பது சதவீதத் தள்ளுபடியைத் தொடர்ந்து நான் இயற்கை எய்தினேன். காதர் பத்தடி தூரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான், அவன் காதில் விழவே இல்லை. வருஷக்கணக்காக என் குரலோடு வாழ்ந்து அவனுக்கு அது காற்று மாதிரி ஆகிவிட்டது. டீக்கடையில் இருந்த எங்கள் தெருச் சங்கச் செயலாளர் காதில் விழுந்தது. செய்தி நேராக மக்களிடம் போவதில்லை, நடுவில் ஒரு பெரிய மனுஷர் வாங்கித் தன் வாயால் கொடுத்தால்தான் ஊர் நம்பும் என்று நீ பாடம் எடுப்பாயே, அந்தப் பெரிய மனுஷர் அவர்தான். அவர் வாட்ஸப்பில் போட்டார். என் படம், கறுப்புக் கட்டம், இரண்டு விளக்கு. டீ ஆறுவதற்குள் நான் ஐந்து குழுக்களில் இறந்திருந்தேன்.

நான் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர், கையில் ரோஜா மாலை. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் வாய் திறக்கப்போனார். அதற்குள் அவருக்குப் பின்னால் இரண்டுபேர் மாலையோடு வந்துவிட்டார்கள். அவர்கள் மேனேஜர் முகத்தைப் பார்த்தார்கள், மேனேஜர் அவர்கள் முகத்தைப் பார்த்தார். எல்லாரும் ஒன்றை நம்பும்போது கண்ணால் கண்டவனும் வாயை மூடிக்கொள்வான் என்று மௌனச் சுழல் ஒன்று சொல்லிக் கொடுத்தாயே மகளே, அந்தச் சுழலில் நான் நாற்காலியோடு சுழன்றேன். மேனேஜர் மெதுவாக என்னை நோக்கிக் கைகூப்பினார். பின்னாலிருந்து பெண்கள் குரலெடுத்தார்கள். "நான் உசுரோடதாம்லே இருக்கேன்!" என்று மூன்று உலகமும் அதிரக் கத்தினேன். வாய் திறந்தது, கழுத்துத் துவாரத்தில் புஸ்ஸென்று காற்று வந்தது. கூட்டம் மொத்தமாக ஓரடி பின்வாங்கியது. செத்தவன் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினால் நீ மட்டும் முன்னால் வருவாயா? யாரோ மெல்ல, "கண்ணை மூடி விடுங்கப்பா" என்றார்கள்.

உங்கம்மா காய்கறிப் பையோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கண்டதும் பை கையிலிருந்து நழுவியது. கத்தரிக்காய் என் காலடியில் உருண்டது. முகத்தைத் தொட்டாள், கழுத்துக் கட்டைத் தொட்டாள், காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அடித்தாள். பிறகுதான் அழுதாள். மாலை கொண்டுவந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதை மறைத்துக்கொண்டு நழுவினார்கள். சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டாள்: "ரோட்டுல வரும்போதே கேட்டேன். உங்க வாயாலயே சொன்னியளே. நான் நம்பாம என்ன செய்ய?" நாற்காலிக்கடியில் கிடந்த கடைசிக் கத்தரிக்காயை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் உன் போன் வந்தது. நான் எடுத்தேன். "அம்மா? யம்மா, பேசுங்கம்மா, அப்பாவுக்கு என்ன?" என்றாய். நான் மூச்சு விட்டேன், அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. அந்த மூச்சு உனக்குக் கேட்டிருக்கும். நீ சட்டென்று நிறுத்தினாய். உன் குரல் மாறியது. "யாரது?" என்றாய், பயத்தோடு. நீ பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டதில்லை. வாட்ஸப்பில் செத்தது எனக்கு வலிக்கவில்லை மகளே. அது வலித்தது. என் மகளுக்கு நான் யாரோ ஒருவனின் மூச்சாகிவிட்டேன். அப்போது கை தானாக நகர்ந்தது. போனில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு கழுத்துத் துவாரத்தில் வைத்து ஊதினேன். கோயம்புத்தூரில் நீ பாடம் நடத்தும் கல்லூரியின் மணி அடிப்பது கேட்டது. அப்புறம் உன் குரல் உடைந்து வந்தது: "யப்பா! செத்துச் செத்து வெளையாடுதியளா? ஒங்களுக்கு அறிவிருக்கா?" என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது.

இத்தோடு முடிந்திருந்தால் கதை சுபம். ஆனால் நீ பாசக்காரி. இப்படி ஒரு ஆபத்து இனி வரக்கூடாது என்று காதரிடமிருந்து என் பழைய பதிவுகளையெல்லாம் வாங்கி, யாரையோ பிடித்து, என் குரலைச் செய்து போனில் ஏற்றி அனுப்பினாய். நான் எழுத்தைத் தட்டினால் அது என் குரலில் பேசும். முதல்நாள் "காபி" என்று தட்டினேன். "காபி!" என்று அது அறிவித்த கம்பீரத்தில் எதிர்வீட்டு மேனேஜர் வாசலுக்கு வந்துவிட்டார். அன்று முழுக்க அரசாணைகளாகப் பிறப்பித்தேன். ஃபேனைப் போடு, ஃபேனை அணை, பொதுமக்களே விலகி நில்லுங்கள். உங்கம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் நீ செய்ததைக் கொண்டாடினேன்.

மெதுவாகத்தான் ஒன்று தெரிந்தது. அது பேசும்போது உங்கம்மா என்னைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறாள். பதிலையும் அதற்குத்தான் சொல்கிறாள். நான் நடுவில் விரல் ஓட்டுகிற வேலையாள். அந்தக் குரலுக்குச் சளி பிடிப்பதில்லை, வயதாவதில்லை, மூச்சிரைப்பதில்லை. கண்ணாடி துடைக்கும் துணியால் அவள் அந்தப் போனை ஒருநாள் துடைத்து, நிழலான இடம் பார்த்து வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு இடம் ஒதுக்கினாள். ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்டான், அவன் என்னைவிட நன்றாகப் பேசுகிறான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் சாயங்காலம் குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றில், கழுத்துத் துவாரத்தில் தண்ணீர் ஏறாதபடி இடுப்பளவில் நின்று குளித்துவிட்டு வந்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். வாசலுக்கு வந்தபோது உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

தலையில் ஈரத்துண்டோடு அப்படியே நின்றேன். "இன்னைக்குப் புளிக்குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று என் குரல் சொன்னது. "நெசமாத்தானா?" என்று உங்கம்மா கேட்டாள். கொஞ்சம் இடைவெளி. "நெசமாத்தான். ஒனக்கு முதுகு வலிக்குல்லா, பாத்திரம் கெடக்கட்டும், போய்ப் பைய படு." "ஆமா, நான் படுத்தா யாரு கழுவுதது?" என்று அவள் சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். அடுக்களைத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, மடியில் போனை வைத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டுக் காத்திருப்பாள். அது பேசும். அதற்கு அவள் வாயால் பதில் சொல்வாள். அனுப்புகிறவளும் அவள், பெறுகிறவளும் அவள், மறுமொழியும் அவள். நடுவில் ஊடகமாக நான். இந்த ஆற்றங்கரை முழுக்கக் கேட்கப் பேசிய வாய், அந்தப் புளிக்குழம்பு வாக்கியத்தை ஒருநாளும் பேசியதில்லை. எனக்குப் பொறாமை வந்தது. என் குரல்மேல் எனக்கே பொறாமை.

இனி சொல்வதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். அவள் போனைத் தரையில் வைத்துவிட்டாள். இரண்டு கையும் முந்தானையில் இருந்தன. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அப்போது அது மறுபடி பேசியது. என் குரலில், தணிவாக, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வது போல: "அவிய வார நேரமாச்சு."

மிஷின் சில சமயம் தாமதமாகப் பேசும், முன்னால் தட்டியதைப் பின்னால் சொல்லும் என்று நீ விளக்குவாய். அப்படித்தான் இருக்கும். அவள்தான் தட்டியிருப்பாள். ஆனால் ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில் நின்று, தான் வரப்போவதைப் பற்றித் தன் குரலே எச்சரிப்பதைக் கேட்டால் அந்த விளக்கம் எல்லாம் முதுகுத்தண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. உள்ளே போகலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே இருப்பவன் நானென்றால் வெளியே நிற்பவன் யார்?

செய்யத் தெரிந்தது ஒன்றுதான். கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். கழுத்தால் ஊதினேன்.

உங்கம்மா திரும்பவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

என்ன சொல்ல? அவள் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன். உதட்டை மட்டும் மெதுவாக அசைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் என் முகத்தை அப்படிப் பார்த்து! "என்னது? பாத்திரமா? பாத்திரத்துக்கு என்ன?" என்றாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் நான் கேட்டுவிட்டேன் என்பதும் புரிந்தது. முகம் சிவந்துபோய், "எம்புட்டு நேரமா அங்கன நிக்கிய, திருட்டு மனுசா?" என்றாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவியது நான். பொதுமக்கள் கைதட்ட வேண்டாம், இரண்டு தம்ளர் நெளிந்துபோயிற்று.

மகளே, அன்றைக்குக் கழுவிக்கொண்டே உன் காலண்டர் படத்தை யோசித்தேன். அந்த மிஷினுக்கு என் சுத்தமான குரல் முழுக்கத் தெரியும். என் கம்பீரம் தெரியும், தழுதழுப்புத் தெரியும், தள்ளுபடி தெரியும், சாவு தெரியும். தட்டலும் ஊதலும் மட்டும் தெரியாது, ஏனென்றால் அவற்றை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அதற்குப் பாடம் கொடுத்தோம். நீ செய்தி என்று பெட்டி போட்டு வைத்ததெல்லாம் என்னைவிட்டு எழுந்து ஊர் சுற்றப் போய்விட்டது. இரைச்சல் என்று மின்னல் கோடு கிழித்தாயே, அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். உன் மாணவர்களுக்குப் படத்தை மாற்றிப் போடு என்று சொல்ல மாட்டேன், பரீட்சையில் மார்க் போய்விடும். நீ மட்டும் தெரிந்துகொள். உன்னைக் கட்டப்போகிறவன் அழகாகப் பேசுகிறான் என்று உங்கம்மாவுக்குப் பூரிப்பு. பேசாத நேரத்தில் அவன் என்ன சத்தம் போடுகிறான் என்று கேட்டு வை. செருப்பை எப்படிக் கழற்றுகிறான், தம்ளரை எப்படி வைக்கிறான், நீ அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தால் எப்படித் தொண்டையைச் செருமுகிறான். என்றாவது சண்டை போட்டுவிட்டுப் பேசாமலிருப்பதாக நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். மனிதன் பேசாமல் இருக்க முடியாது என்று நீதானே சொன்னாய்? முதுகும் பேசும். அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: அந்தக் குரல் உன் கல்யாணத்துக்கு வராது. அதற்குப் பத்திரிகை வைக்காதே. வரவேற்புரையை உங்கம்மா பேசுவாள். கேட்டதும், "நானா? மைக்குலயா? போங்க அங்கிட்டு" என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடித்தாள். மறுநாள் காலையில் தயிர் கடைந்துகொண்டே, "வந்திருக்கும் எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமாதமான தொடக்கம். நான் அவளுக்கு முன்னால் மேடையேறி மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவேன். கழுத்துக் கட்டை விலக்கி ஊதுவேன். மண்டபம் கொஞ்சம் மிரளும், மிரளட்டும். நீ மணவறையில் இருந்தபடியே, மாலைக்குள்ளிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி "சொல்லுங்க" என்று சொல்லவேண்டும். என் உரை அத்தோடு முடிந்தது.

அந்தப் பென் டிரைவ் இன்னும் காதரிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம், வீணாக்க மனசில்லை. ஆக, என்றைக்காவது ஒருநாள் அந்தக் குரல் மறுபடியும் நான் போய்விட்டதாகச் சொல்லும். உன் போனில் வரும், தெருவில் வரும், யாராவது பெரிய மனுஷர் வாயில் வரும். எவ்வளவு அழகாகச் சொன்னாலும் நம்பாதே. வீட்டுக்குப் போன் போடு. உங்கம்மா எடுத்து என் பக்கத்தில் வைப்பாள். நீ ஒன்றும் பேசாமல் காத்திரு. இரண்டு தட்டுக் கேட்டால், "சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

கேட்கவில்லையென்றால், கிளம்பி வா.